லீவுக்கு வந்து செட்டிநாட்டுச் சமையல் கற்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி என்று எங்கிருந்தோ லீவுக்கு வருகிறவர்களுக்கு இப்போது காரைக்குடிப் பக்கம் வந்தால் ஒரு புது ஆசை. ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை எல்லாம் பார்த்த கையோடு, ஓர் ஆச்சி வீட்டு அடுப்படியில் இரண்டு நாள் நின்று சமையல் கற்றுக்கொண்டு போகவேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் “அங்க வந்த ருசி இங்க வரலையே ஆச்சி” என்று போன் வந்துவிடும். இங்கே நிற்கும்போது அங்கே இருக்கிற அடுப்பையும் அரிசியையும் எண்ணெயையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முக்கால்வாசித் தவறுகள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

வந்ததும் “சிக்கன் செட்டிநாடு சொல்லிக்கொடுங்க” என்று கேட்பதில் தொடங்குகிறது. அது ஓட்டல் பலகையில் இருக்கிற பெயர். வீட்டில் கோழிக்குழம்பு உண்டு, வறுவல் உண்டு, உப்புக்கறி உண்டு. சிவக்கச் சிவக்க, கண்ணில் நீர் வரவைக்கிற காரம் வீட்டுச் சமையலில் கிடையாது. நீங்கள் கேட்கவேண்டியது சாதாரண மதியச் சாப்பாட்டை: வெண்டைக்காய் மண்டி, இளங்குழம்பு, ஒரு பிரட்டல், ஒரு கூட்டு. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் வதக்கிச் செய்கிற மண்டி, ஆபீஸ் விட்டு வந்து அரைமணியில் முடிகிற வேலை. வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற விருந்துக் கறியைவிட இதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது, வருகிற மாதம். டிசம்பர், ஜனவரியில்தான் உங்களுக்கு லீவு, தெரியும். ஆனால் இங்கே அப்போது வீட்டுக்கு ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். அது முடிந்தால் தைப்பூசம். நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற காலம், பல வீடுகளில் விரதம். அந்த நேரத்தில் போய் ஆட்டுக்கறி கேட்டால் ஆச்சி முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார், பேச்சை மாற்றுவார். சைவம் மட்டும் போதும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், அல்லது கறி கற்க கோடை லீவில் வாருங்கள். காரைக்குடியில் இருக்கிற தி பங்களா போன்ற விடுதிகளிலும் சமையல் வகுப்பு உண்டு. அங்கே இந்தச் சங்கடம் குறைவு. ஆனால் எங்கே போனாலும், பார்க்க மட்டும்தானா, நாமும் செய்யலாமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி அளவு. வெள்ளைப்பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசி மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். குவியல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. கேட்கச் சுலபமாக இருக்கிறது, நோட்டில் “1 டம்ளர் அரிசி, மேலே உளுந்து” என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். டம்ளரின் வாய் அகலமானால் குவியலும் பெரிதாகும், உளுந்து கூடும், மாவின் குணமே மாறும். ஆகவே ஒரு சின்னத் தராசை கொண்டுவாருங்கள். ஆச்சி தன் கையால், தன் டம்ளரால் அளக்கட்டும். அளந்ததை நீங்கள் கிராமில் எழுதுங்கள். கல்லுப்புக்கும் இதே கதை: ஒரு ஸ்பூன் தூளுப்பு ஒரு ஸ்பூன் கல்லுப்பைவிட எடை கூடுதல். புளியும் அப்படித்தான். எலுமிச்சை அளவு என்பார்கள்; வெளிநாட்டில் டப்பாவில் வருகிற புளி விழுதுக்கு அந்த அளவு உதவாது.

அரிசியையும் உளுந்தையும் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கொஞ்சம் பால் விட்டு நைசாக அரைத்து, புளிக்கவிடாமல் உடனே ஊற்றவேண்டும். ஒரு கரண்டி மாவை எண்ணெயில் விட்டால் அது தானே எழும்பி, நடுவில் உப்பி, ஓரம் மெலிதாக நிற்கும், நிறம் மாறவிடக்கூடாது. இதெல்லாம் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: “மாவு நீர்த்துப்போனா எப்படி இருக்கும், காட்டுங்க ஆச்சி.” கொஞ்சம் மாவைத் தனியே எடுத்துத் தண்ணீர் விட்டுக் கெடுத்து ஊற்றிப் பாருங்கள். எண்ணெயில் பரந்து ஓடும். பிறகு ஒரு ஸ்பூன் அரிசிமாவு போட்டு அவர் சரிசெய்வார். அங்கே போய் மிக்ஸி சூட்டில் மாவு இளகி நிற்கும்போது இந்த ஒரு ஸ்பூன்தான் காப்பாற்றும். மிக்ஸியில் அரைப்பதானால் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள்.

சாமான் வாங்குவதிலும் அவசரம். மசாலாப் பொடியைக் கிலோக்கணக்கில் அரைத்துக் கட்டிக்கொண்டு போனால் மூன்று மாதத்தில் வாசம் போய்விடும். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, சோம்பு என்று முழுசாக வாங்கி, அங்கே அப்போதைக்கப்போது வறுத்து அரைப்பது நல்லது. கல்பாசியை அள்ளிப் போடவேண்டாம், கூடினால் கசக்கும். ஒட்டியிருக்கிற மரப்பட்டைத் துணுக்கைப் பொறுக்கிவிட்டு, சூடான எண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டால் போதும். தீர்ந்துபோனால் வட இந்தியக் கடையில் ‘தகட் பூல்’ என்று கேளுங்கள்.

கசகசாவை மட்டும் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள், நீங்கள் சிங்கப்பூருக்கோ அமீரகத்துக்கோ சவூதிக்கோ போகிறவராக இருந்தால். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். துபாயில் விமானம் மாறுகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். கசகசா போடுகிற குழம்பைச் சொல்லிக்கொடுக்கும்போதே “இதில்லாம முந்திரி அரைச்சு ஊத்திக் காட்டுங்க” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அமெரிக்கா போகிறவர்கள் பச்சைக் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் அனுமதியில்லை.

நல்லெண்ணெய் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சீனக் கடையில் கிடைக்கிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, கருத்து, வாசம் தூக்கும். அதில் குழம்பு தாளித்தால் குழம்பு வேறு தேசத்துக்குப் போய்விடும். கறியும் அப்படித்தான்: அங்கே கிடைப்பது செம்மறி என்றால் கொழுப்பு அதிகம், இங்கே ஊற்றுகிற எண்ணெயில் பாதி போதும். கவுனி என்கிற கருப்பரிசியை ராத்திரியே ஊறப்போடாமல் குக்கரில் வைத்துவிட்டு, அரிசி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களும் உண்டு.

போன் பிடித்துப் படம் எடுக்கிற கைக்குக் கரண்டி பிடிக்க நேரமிருக்காது. முதல் நாள் எடுங்கள், சரி. இரண்டாம் நாள் போனை முகப்பிலேயே வைத்துவிட்டு நீங்களே தாளியுங்கள், ஆச்சி பக்கத்தில் நின்று திட்டட்டும். அப்புறம், பல வளவுகளில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், ஆச்சி சொல்ல, வருஷக்கணக்காகக் கூட நிற்கிற அக்காதான் அம்மியிலும் அடுப்பிலும் வேலை பார்ப்பார். உங்கள் கண் அவர் கைமேல் இருக்கவேண்டும். வகுப்புக்கு என்ன கொடுப்பது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிட்டு, அந்த அக்காவுக்குத் தனியாகக் கொடுங்கள். “நாங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதானே” என்று சிரித்து நழுவுகிற வேலை வேண்டாம்.