இளையோரை ஓடியாட அழைக்கும் இணையதளங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது, மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. இந்தக் குறையைப் போக்க உருவாக்கப்படும் இணையதளங்கள் பலவற்றில் நல்ல நோக்கம் இருக்கிறது. அவற்றை நாடி வரும் பிள்ளைக்குத்தான் அங்கே வழி தெரிவதில்லை.

முதல் தவறு, முகப்புப் பக்கத்தையே அறிவுரையால் நிரப்புவது. உடற்பயிற்சி நல்லது என்பது பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தெரியும். அவள் தேடி வருவது, "கருவி ஏதும் இல்லாமல், இந்தச் சிறிய அறையில், பத்து நிமிடத்தில் என்ன செய்யலாம்?" என்பதற்கான விடையை. அந்த விடைக்கு முன்னால் நோக்க உரையும் பொறுப்பாளர்களின் படங்களும் நின்றால், அவள் திரும்பிப் போய்விடுவாள். முதல் திரையிலேயே நேரம், இடம், திறன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வைத்து, உடனே ஒரு பயிற்சியைக் காட்டுங்கள். கணக்குத் தொடங்கச் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். உடல் எடையைக் கேட்பது பெரும்பாலும் தேவையே இல்லை. சிறுவரின் தகவலைச் சேகரிப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம் என்பதால், கேட்காத தகவலால் உங்களுக்கும் சுமை குறையும்.

அதிகத் தீங்கு செய்வதாக நான் கருதுவது, யார் அதிகம் பயிற்சி செய்தார் என்று பயனர்களை வரிசைப்படுத்திக் காட்டும் தரவரிசைப் பட்டியலை. ஏற்கெனவே ஓடுபவர்களை அது மேலும் ஓடவைக்கலாம். ஆனால் இந்தத் தளம் யாருக்காக உருவானதோ, அந்தத் தயங்கி நிற்கும் பிள்ளையை எல்லோர் கண்ணிலும் படும்படி கடைசியில் நிறுத்திவிடுகிறது. ஒருவர் சென்ற வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு முன்னேறினார் என்பதை அவருக்கு மட்டும் காட்டினால் போதும். ஒரு நாள் தவறியதற்காக, விடாமல் பயிற்சி செய்த நாள்களின் தொடர் எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுபோவதும் இதே வகைத் தவறுதான்.

திறந்தவெளியில், வெயிலில், கைபேசியில் படிக்கப்படும் தளம் இது என்பதை வடிவமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். வெளிர் சாம்பல் எழுத்து அங்கே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, எல்லோரும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான இணைய அணுகல்தன்மை நெறிமுறை. வியர்த்த விரலால் தொட வேண்டிய பொத்தான்களையும் பெரிதாக வையுங்கள். காணொளிகளில் பேசுவதைத் திரையில் காட்டும் எழுத்துவரியைச் சேருங்கள்.

இந்தத் தவறுகள் பெரும்பாலும் இளையோரைப் பக்கத்தில் அமர்த்திச் சோதிக்காததன் விளைவுகள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரிய சிக்கல்கள் பல வெளிப்படும். அந்த ஐவரும் பள்ளி அணி வீரர்களாக மட்டும் இருந்துவிடக் கூடாது. "தளம் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், பெரியவர் மனம் நோகக் கூடாதென்று ஆம் என்பார்கள். அதற்குப் பதிலாக, "நாளை மாலை செய்ய ஒரு பயிற்சியைக் கண்டுபிடி" என்று வேலை கொடுத்து, உதவாமல், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். சில நாள் கழித்து, அந்தப் பயிற்சியைச் செய்தார்களா என்றும் கேளுங்கள். தளத்தில் கழித்த நிமிடங்களை வெற்றியாகக் கணக்கிடும் அறிக்கையில் அந்தப் பதில் கிடைக்காது.