போன்ல வாற படம் கமராவுல வரேல்லையா? திருகோணமலையில நான் செய்து பார்த்த வழியள்

போன சித்திரை லீவுக்கு பெரியம்மா வீட்டாக்கள் கனடாவில இருந்து வந்திருந்தவை, எல்லாருமா விடிய வெள்ளனவே கோணேஸ்வரம் போனம், பூசை முடிஞ்சு வெளியில வந்து கடலைப் பின்னுக்கு வச்சு குடும்பமா நிண்டு படம் எடுத்தம். என்ர கையில பெரிய கமராவும் நல்ல லென்ஸும், அத்தானிட்ட போன். வீட்ட வந்து பார்த்தா என்ர படத்தில வானமும் கடலும் நல்ல வடிவு, பெரியம்மாவின்ர முகம் மட்டும் ஒரே கறுப்பு. அத்தான்ர போன் படத்தில வானமும் இருக்கு, பெரியம்மா சிரிக்கிறதும் இருக்கு. பிரேம் போட அவ கேட்டது அந்தப் படத்தைத்தான். எனக்குச் சரியான கவலை. அதுக்குப் பிறகு ஏன் இப்பிடி நடக்குது எண்டு தேடி வாசிச்சு, உப்புவெளியிலயும் கோட்டைக்குள்ளயும் நிண்டு நிண்டு எடுத்துப் பார்த்து விளங்கினதைத்தான் இதில எழுதுறன். கமரா கொம்பனிகள் போன்ல இருக்கிற இந்த விசயங்களை உள்ளுக்குள்ளயே குடுக்க வேணும் எண்டதுதான் என்ர ஆசை, ஆனா அது வாற வரைக்கும் இருக்கிற கமராவை வச்சே கனக்கச் செய்யலாம்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. சென்சர் எண்டது கமராவுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற சில்லு. பெரிய கமராக்கள்ல வாற புல் பிரேம் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். போனுக்குள்ள வாறதில பெரிசு எண்டு சொல்லுற ஒரு இஞ்சி சென்சரே 13.2க்கு 8.8 தான், பரப்பில பார்த்தா ஏழு மடங்குக்கு மேல வித்தியாசம். வெளிச்சம் பிடிக்கிறதில கமராவை போன் வெல்ல ஏலாது. போன் வெல்லுறது பட்டனை அமத்தினாப் பிறகு நடக்கிற வேலையில. கூகிள் போன்ல வாற எச்டிஆர் பிளஸ் ஒரு படம் எடுக்கிறேல்ல, கொஞ்சம் இருட்டா கன படத்தை அடுத்தடுத்து எடுத்து, ஒண்டுக்கு மேல ஒண்டு பொருத்தி, முகத்தை வெளிச்சமாக்கி, வானத்தை வெளுக்காம வச்சு ஒரே படமாத் தருது. சின்ன சென்சரை கெதியா வாசிக்கலாம், அதால இது சுகம். பெரிய சென்சர் கனக்க கமராவில மெதுவாத்தான் வாசிக்கும், அதுக்குள்ள கையும் ஆடும் ஆக்களும் ஆடுவினம். ஆனா சோனி ஏ9 2017லயே வேகமா வாசிக்கிற ஸ்டாக்ட் சென்சரோட வந்திட்டுது, அதால இனியும் இதைச் சாட்டாச் சொல்ல ஏலாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

இப்ப பெரியம்மா படத்துக்கு வருவம். வெயில் பின்னுக்கு, ஆக்கள் முன்னுக்கு. சுகமான வழி பிளாஷ். ஓம், பட்டப்பகல்லதான். ஷட்டரை 200ல ஒரு செக்கன் இல்லாட்டி அதை விட மெதுவா வச்சு, ஐஎஸ்ஓவை (படத்தை வெளிச்சமாக்கிற அளவு) குறைச்சு, வானம் வெளுக்காத மாதிரி வெளிச்சத்தைப் பிடிச்சு, பிளாஷின்ர பலத்தைக் குறைச்சு மைனஸ் ஒண்டில போட்டா முகம் இயற்கையா வரும், போன்ல இருக்கிற சின்ன லைற்றால இதை நினைக்கவும் ஏலாது. பிளாஷ் இல்லாட்டி ரோ பைல்ல (சென்சர் பிடிச்சதை அப்பிடியே வச்சிருக்கிற பைல்) எடுங்கோ, ஒரு ஸ்டொப் குறைச்சு, அதாவது வெளிச்சத்தை அரைவாசியாக்கி எடுங்கோ, வீட்ட வந்து டார்க்டேபிள்ல (காசில்லாம கொம்பியூட்டரில போடலாம்) நிழலை மட்டும் தூக்குங்கோ. வெளுத்துப்போன வானத்தைத் திருப்பி எடுக்க ஏலாது, இருட்டான முகத்தை எடுக்கலாம், அதுதான் குறைச்சு எடுக்கச் சொல்லுறன். அதுக்கும் நேரமில்லை, உடனே அனுப்பக்கூடிய ஜேபெக் படம்தான் வேணும் எண்டா நிழலையும் வெளிச்சத்தையும் சமப்படுத்திற செற்றிங்கை மெனுவில தேடிப் பாருங்கோ, நிக்கொன்ல அக்டிவ் டி லைட்டிங், சோனியில டிஆர்ஓ, கெனன்ல ஓட்டோ லைட்டிங் ஒப்ரிமைசர், பூஜியில டிஆர் 400 எண்டு இருக்கும். போன் அளவுக்கு வராது, ஆனா ஒண்டுமில்லாததை விட எவ்வளவோ மேல். பூஜியில டிஆர் 400 போட்டா ஐஎஸ்ஓ கூடும், பயப்படாதேங்கோ.

ஆக்கள் இல்லாத காட்சிக்கு, உதாரணத்துக்கு பின்னேரம் உள்துறைமுக வீதியில நிண்டு சூரியன் இறங்கிறதை எடுக்கேக்க, பிராக்கெட்டிங் போடுங்கோ, ஒரே காட்சியை கூடக்குறைய வெளிச்சத்தில எடுக்கிறதுதான் அது. மூண்டு படம், ரெண்டு ரெண்டு ஸ்டொப் இடைவெளி, அப்பெச்சர் மோட் (லென்ஸின்ர துவாரத்தை நாங்களே தெரிவு செய்யிறது), எப் 8, ஒரே அமத்தில மூண்டும் போற மாதிரி பேஸ்ட் (burst, அடுத்தடுத்து எடுக்கிற மோட்). பிறகு டார்க்டேபிள்லயோ லைட்ரூம்லயோ சேர்க்கலாம். ஒரு விசயம், துறைமுகப் பக்கம் நேவி நிக்கிற இடங்கள்ல கமராவைத் தூக்க முதல் கேட்டுட்டு எடுங்கோ.

இரவுதான் எனக்குப் பெரிய பிரச்சினையா இருந்தது. 2018ல பிக்சல் 3ஓட நைட் சைட் வந்தாப் பிறகு பெடியள் எல்லாரும் கையில வச்சே இரவில படம் எடுக்கத் தொடங்கிட்டாங்கள், நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சன். பத்திரகாளி அம்மன் கோயிலடியில திருவிழாச் சனத்துக்குள்ள முக்காலியை எங்க விரிக்கிறது? வழி இதுதான்: ஒரே செற்றிங்கில ஒன்பது படம் பேஸ்ட்ல எடுங்கோ, எடுக்கேக்க கையைச் சும்மா இறுக்கிப் பிடிச்சாக் காணும். பிறகு போட்டோஷொப்ல லேயரா ஏத்தி, ஓட்டோ அலைன் குடுத்து, ஸ்மார்ட் ஒப்ஜெக்டா மாத்தி, ஸ்டாக் மோட்ல மீன் (mean, சராசரி) எண்டதைத் தெரிவு செய்யுங்கோ. ஒன்பது படத்தைச் சேர்த்தா இரைச்சல் (இருட்டில எடுத்த படத்தில வாற புள்ளிகள்) மூண்டில ஒண்டாக் குறையும், நாலு படம் எண்டா அரைவாசி. நடந்து திரியிற ஆக்கள் ஆவி மாதிரித் தெரிவினம், அதால தேர், கோபுரம், விளக்குகளுக்குத்தான் இது சரி. இன்னொண்டு, கன பேருக்குத் தெரியாம கெனனின்ர கொஞ்ச மொடல்கள்ல மல்ரி ஷொட் நொய்ஸ் ரிடக்‌ஷன் எண்டு ஒண்டு கிடக்கு, நாலு படத்தை எடுத்து தானே சேர்த்துத் தரும். சோனியிலயும் மல்ரி பிரேம் எண்டு பழைய மொடல்கள்ல இருக்கு. ரோ போட்டிருந்தா ரெண்டும் வேலை செய்யாது, ஜேபெக்குக்கு மாத்தினாத்தான் மெனுவில தெளிவாத் தெரியும். நான் கமராவை வாங்கி மூண்டு வருசத்துக்குப் பிறகுதான் இதைக் கண்டுபிடிச்சன். நல்ல விசயத்தை உள்ளுக்குள்ள செய்து வச்சிட்டு ஏன் இப்பிடி மெனுவுக்குள்ள புதைக்கிறாங்கள் எண்டு உண்மையாவே கோவம் வந்தது.

ஒலிம்பஸ் ஆக்களைப் பாராட்டத்தான் வேணும். 2016ல வந்த இ எம்1 மார்க் 2ல புரோ கப்சர் குடுத்தவை, பட்டனை அரைவாசி அமத்தி வச்சிருந்தா முழுசா அமத்த முந்தி நடந்ததும் பதிவாகும். ஐபோன்ல லைவ் போட்டோ 2015ல வந்தது, அதுவும் ஒண்டரை செக்கன் முன்னுக்குப் பின்னுக்குப் பிடிக்கும். இங்க படகில திமிங்கிலம் பார்க்கப் போறாக்களுக்கு இது எவ்வளவு பெறுமதி எண்டு யோசிச்சுப் பாருங்கோ, வாலைக் கண்டு அமத்திறதுக்குள்ள வால் தண்ணிக்குள்ள போயிடும். உங்கட கமராவில இல்லாட்டி 4கே வீடியோவில ஷட்டரை 1000ல ஒண்டில வச்சு ஓடவிட்டு பிறகு ஒரு பிரேமை எடுங்கோ, கிட்டத்தட்ட 8 மெகாபிக்சல் வரும், பிரேம் போட அது தாராளம்.

இடம் பதியிறது அடுத்தது. நிலாவெளியா குச்சவெளியா எண்டு அஞ்சு வருசத்தால நினைவிருக்காது. கெனன் 6டி 2012லயே ஜிபிஎஸோட வந்தது, பிறகு வந்த கன கமராவில அது இல்லை, போனோட புளூடூத்தில இணைச்சு எடு எண்டுறாங்கள். இணைக்கலாம், பற்றரி இறங்கும், அடிக்கடி விட்டுப்போகும். நான் செய்யிறது: போன்ல ஜிபிஎக்ஸ் (போன வழியையும் நேரத்தையும் வச்சிருக்கிற பைல்) பதியிற அப் ஒண்டை ஓடவிட்டிட்டு, போன்ர மணிக்கூட்டை செக்கனோட தெரியிற மாதிரி கமராவால ஒரு படம் எடுத்து வைக்கிறன். கமரா நேரம் எவ்வளவு பிழை எண்டு அந்தப் படத்தில தெரியும், வீட்ட வந்து டிஜிகாம் எண்ட கொம்பியூட்டர் புரோகிராமில படங்களையும் ஜிபிஎக்ஸையும் பொருத்தினா எல்லாப் படத்துக்கும் இடம் ஏறிடும். கமராவில நேர வலயம் 5.30 எண்டு சரியா இருக்கோ எண்டும் பாருங்கோ.

படத்தை அனுப்பிறதுக்கு வைபையோட சண்டை பிடிக்காதேங்கோ. கமரா வைபையில இன்ரநெற் இல்லாததால போன் அதை விட்டிட்டு டேட்டாவுக்கு ஓடும், கட்டாயம் வேணும் எண்டா இணைக்க முதல் டேட்டாவை நிப்பாட்டுங்கோ. யூஎஸ்பி சி காட் ரீடர் ஒண்டு வாங்கி போன்ல குத்திறதுதான் கெதி. ஐபோன் 15ல இருந்து அதுக்கும் அதே வாய்தான். ரோவோட சின்ன ஜேபெக்கும் சேர்த்து எடுத்தா வட்ஸ்அப்புக்கு உடனே போடலாம்.

சிக்மா பிஎப் எண்ட கமராவில 2025ல காட் வாயே இல்லாம 230 ஜிபி உள்ளுக்குள்ள குடுத்திட்டினம், ஹசல்பிளாட் எக்ஸ்2டியில ஒரு டெராபைட். மற்றவையும் ஒரு 32 ஜிபியாவது குடுத்தா எவ்வளவு நல்லது, காட்டை வீட்ட விட்டிட்டு நிலாவெளிக்குப் போய் ஒரு பின்னேரம் முழுக்க எடுத்த படம் ஒண்டும் இல்லாமப் போனவன் நான், கமரா ஒரு வார்த்தை சொல்லேல்ல. இதை இண்டைக்கே செய்யுங்கோ: மெனுவில காட் இல்லாம ஷட்டர் அடிக்கிறது எண்ட செற்றிங்கைத் தேடி நிப்பாட்டுங்கோ. கெனன், நிக்கொன், சோனி எல்லாத்திலயும் இருக்கு, பேர்தான் கொஞ்சம் மாறும்.