தராசுக்கு முன்னால் ஒரு மகன்: நாவலின் முதல் காட்சியை எழுதும் முறை

முதல் நாவல் எழுதும் இலங்கை மலையக (தேயிலைத் தோட்டப் பகுதி) இளையவர்கள் சிலரின் கைப்பிரதிகளைப் படித்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பனிமூட்டம். இரண்டாம் பக்கத்தில் இந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த பூட்டன், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டம், அவர்களை இரு நாடுகளுக்கும் பிரித்த 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம். ஏன் இப்படி ஆகிறது என்பது எனக்குப் புரிகிறது. சொல்லாமல் கிடந்த வரலாறு தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் மூன்றாம் பக்கம் வரை ஒரு மனிதரைக்கூடச் சந்திக்காத வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் பாத்திரம் விரும்பும் இரண்டு விஷயங்கள், ஒன்றைப் பிடித்தால் மற்றது கைநழுவ வேண்டும். இரண்டும் நியாயமாகவும் இருக்க வேண்டும். ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்றால் அது சபலம், மனப்போராட்டம் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உயர்தரம் படித்த இளைஞன், தாய் கொழுந்து பறிக்கும் அதே மலைக்குக் கணக்கப்பிள்ளையாக, அதாவது வேலையை மேற்பார்த்துக் கணக்கெழுதுகிறவனாக, வருகிறான். வேலையில் நேர்மையானவன் என்று பெயரெடுக்க வேண்டும். அம்மாவுக்கு நல்ல மகனாகவும் இருக்க வேண்டும்.

அடுத்து, இந்த இரண்டும் மோதும் இடத்தைத் தேடுங்கள். லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில், தங்கள் அறையான காம்பராவில் அவன் மகன் மட்டுமே, ஆபீசில் உத்தியோகத்தன் மட்டுமே. பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில்தான் இரண்டுமாக நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே காட்சி அங்கே, மாலை நிறுவையில்.

இனி எழுதுங்கள்:

தராசுக் கொக்கியில் அம்மாவின் சாக்கு ஆடி நின்றது. பதினெட்டு. மழைநாள். ஈரத்துக்கும் சாக்குக்கும் இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். பின்னால் நின்ற பெண்களின் பேச்சு அடங்கியது. அவன் கணக்குத் துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "பதினாறு" என்றான். "சரிங்க ஐயா" என்று அம்மா வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

இதில் துயரம் என்ற சொல்லே இல்லை. வீட்டில் "தம்பி" என்று கூப்பிடுகிறவள் இங்கே "ஐயா" என்கிறாள். அந்த ஒரு சொல்லில் இருவருக்கும் இடையில் விழுந்த தூரம் தெரிந்துவிடுகிறது. லயத்தைவிட்டு மேலேற ஒருவன் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே நாவலின் கருப்பொருள். அதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. கழிந்த இரண்டு கிலோ சொல்கிறது.

பின்னால் நிற்கும் பெண்களைக் கவனியுங்கள். அவர்கள் இல்லையென்றால் அவன் பதினெட்டு என்றே எழுதியிருக்கலாம். அந்தப் பெண்களும் நாள் முழுக்க நனைந்தவர்கள், அவர்களுக்கும் இரண்டு கிலோ போயிருக்கிறது. தப்பிக்கும் கதவை அடைப்பதற்குத்தான் சாட்சிகள். தொடக்க எழுத்தாளர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

திருத்தும்போது "அவன் நெஞ்சு கனத்தது" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். அவை இல்லாமல் காட்சி நிற்கவில்லையென்றால் குறை செயலில் இருக்கிறது. வேறு செயலைத் தேடுங்கள்.

வரலாறு? அதற்கும் இடமுண்டு, ஒரு பொருளின் வழியாக. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று பிரித்தார்கள். இந்த எண்களை முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். வேறொரு கதையை நினையுங்கள்: அக்காவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது, தம்பி இங்கேயே இருக்கப்போகிறான். அம்மியை யாரிடம் விட்டுப்போவது என்ற பேச்சோடு தொடங்குங்கள். அம்மியைத் தூக்கித் தலைமன்னார்க் கப்பலில் ஏற்ற முடியாது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

முதல் காட்சி எல்லாவற்றையும் தீர்க்கவும் கூடாது. நம் இளைஞனுக்கு குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. அன்றிரவு அதே லயத்துக்குத்தான் திரும்புகிறான். அம்மா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்திருக்கிறாள். சாப்பிட அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதை இரண்டாவது காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.