நாய் இறந்த வீட்டுக்குப் புதுக் குட்டி கொண்டுவருவது எப்படி?

வளர்த்த நாய் இறந்துவிட்டால் ஆறுதல் சொல்ல வருபவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "விடுங்க, இன்னொரு குட்டி வாங்கிக்கலாம்." வாங்குவது சுலபம்தான். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டால் நாளைக்குக் குட்டி வாசலுக்கு வந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் பழைய நாயின் நோய்க்கிருமி மிச்சம் இருக்கலாம், உண்ணி இருக்கலாம். அதற்கெல்லாம் மேலாக, 'அவன் மாதிரியே ஒண்ணு வேணும்' என்ற ஆசை இருக்கும். இந்த மூன்றையும் முதலில் கவனித்துவிட்டால் மீதி எல்லாம் எந்தக் குட்டிக்கும் செய்கிற வேலைதான்.

படி 1: வீட்டில் பேசுங்கள்

எத்தனை நாள் கழித்து வாங்கலாம் என்பதற்குக் கணக்கு கிடையாது. சோறு வைக்கப்போகிறவர் தயாரா என்று மட்டும் பாருங்கள். பல வீடுகளில் குட்டியைத் தூக்கி வருவது பிள்ளைகள், வளர்ப்பது அம்மா. அந்த அம்மா "இன்னொரு தடவை என்னால முடியாதுப்பா" என்று சொன்னால், பிறந்தநாள் பரிசு என்று குட்டியைக் கொண்டுபோய் மடியில் வைக்காதீர்கள். பத்து, பன்னிரண்டு வருடம் கூடவே இருக்கப்போகிற உயிர் அது. வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான் என்றால், குட்டியைவிட நாலைந்து வயது நாய் ஒன்றைத் தத்தெடுப்பதே மேல். செருப்பு கடிக்கிற பருவமெல்லாம் முடிந்து அமைதியாக வரும்.

படி 2: பழைய நாய் எதனால் போனது?

முதுமையாலோ இதய நோயாலோ விபத்தாலோ என்றால் இந்தப் படியில் உண்ணி பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். தொற்றுநோய் என்றால் பொறுங்கள்.

பார்வோதான் பெரிய தலைவலி. ரத்தமாய் வயிற்றுப்போக்கு போய், வாந்தி எடுத்து, சில நாளில் குட்டியைக் கொன்றுவிடும் வைரஸ் அது. தரையிலும் பாத்திரத்திலும் பல மாதம் உயிரோடு இருக்கும், நிழலான ஈர மண்ணில் ஒரு வருடம்கூடத் தாங்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனை வரும், வைரஸ் போகாது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு போகத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் பாட்டிலில் வரும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரை முழுக்க ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அழுக்கோடு இருக்கிற தரையில் பிளீச் வேலை செய்யாது. பிளீச்சோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பாய், மெத்தை, மரக் கூண்டு எல்லாம் போகட்டும், எவர்சில்வர் தட்டு மட்டும் கழுவினால் போதும். தோட்டத்து மண்ணை பிளீச் போட்டுச் சுத்தம் செய்ய முடியாது. ஆகவே தடுப்பூசிகள் முடிந்த குட்டியை மட்டுமே அந்த வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணிக் காய்ச்சலில் போன நாய் என்றாலும், வேறு எதனால் போயிருந்தாலும் உண்ணி இருந்த நாய் என்றாலும், சுவரைப் பாருங்கள். டார்ச் அடித்து, கூண்டு இருந்த மூலையிலும் கதவு நிலையின் இடுக்கிலும் தேடினால், மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாயே இல்லாத வீட்டிலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். விரிசல்களைப் பூசி, மருத்துவர் சொல்கிற மருந்தைத் தெளித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தெளியுங்கள். முதல் தடவை தப்பிய முட்டை அதற்குள் பொரியத் தொடங்கியிருக்கும்.

வெறிநோய் என்ற சந்தேகம் இருந்தால் குட்டிப் பேச்சே இப்போது வேண்டாம். நாயின் எச்சில் பட்டவர்கள், கடி அல்லது கீறல் வாங்கியவர்கள் அனைவரும் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும்.

படி 3: குட்டியைத் தேர்ந்தெடுப்பது

அதே இனம், அதே நிறம், நெற்றியில் அதே வெள்ளைப் பொட்டு என்று தேடி அலைபவர்கள் உண்டு. என் கருத்து: மனம் ஆறாதவர்கள் நிறத்தையாவது மாற்றுங்கள், இல்லையென்றால் ஆணுக்குப் பதில் பெண் எடுங்கள். பெண் குட்டிகளை யாரும் கேட்பதில்லை, ஒரே ஈத்தில் கடைசியில் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் அவைதான். குட்டி போட்டுவிடுமே என்ற பயத்துக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

பெயர் விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. தலைமுறை தலைமுறையாக எல்லா நாய்க்கும் 'மணி' என்றே வைக்கிற கிராமத்து வீடுகள் இருக்கின்றன, அங்கே அது குடும்பப் பெயர் மாதிரி. ஆனால் கூப்பிடும்போதே தொண்டை அடைக்கிறது என்றால் வேறு பெயர் வையுங்கள்.

விற்பவர்கள் "45 நாள் குட்டி சார், எடுத்துக்கலாம்" என்பார்கள். எடுக்காதீர்கள். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. அந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் தாயிடமும் உடன்பிறந்ததுகளிடமும் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சொல்கிற வயதை நம்பாமல் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களே இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன என்றால் அதற்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும்.

தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் பஸ் ஸ்டாண்டில் வந்து தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், கண்ணில் பீளை கூடாது, காதில் நாற்றம் கூடாது. முதுகெலும்பு தெரிய, வயிறு மட்டும் பானையாக இருந்தால் புழு. வாலைத் தூக்கிப் பாருங்கள், ஆசனவாயைச் சுற்றி ஈரமாக ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு. ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவிக் காது கேளாமை உண்டு என்பதால், குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டுங்கள். உடன்பிறந்ததுகள் திரும்பி இது மட்டும் திரும்பவில்லை என்றால் யோசியுங்கள்.

பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. நம் தெருவிலேயே குட்டிகள் இருக்கின்றன, சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும் கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு நாட்டு நாய் அளவுக்கு ஒத்துப்போகிற இனம் குறைவு. மே மாதத்தில் ஏசி இல்லாத வீட்டில் பனிப் பிரதேச நாயான ஹஸ்கியை வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

படி 4: முதல் நாளும் முதல் இரவும்

காலையில் கூட்டி வாருங்கள், இருட்டுவதற்குள் இடம் பழகிவிடும். தீபாவளி வாரம் வேண்டாம். வீட்டுக்குள் விடும் முன், ஒன்றுக்குப் போக வேண்டிய இடத்தில் இறக்கி விட்டுக் காத்திருங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் அதே இடம். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்காதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். அதனால் உங்களைக் கண்டு ஒளிந்துகொள்ளத்தான் பழகும்.

இரவில் அழும். தாயை விட்டு வந்த முதல் ராத்திரி, அழாமல் என்ன செய்யும்? பழைய நாய் வராண்டாவில் படுத்தது என்பதற்காக இதையும் அங்கே கட்டிப்போடாதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சிணுங்கினால் கையைத் தொங்கவிட்டாலே பாதி அடங்கும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு நான்கு வேளை. முதல் வாரம், வாங்கி வந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே கொடுத்து, மெல்ல மாற்றுங்கள். வெறும் பால் சோறோ தயிர் சோறோ வளர்கிற குட்டிக்குப் போதாது. முட்டை, கோழி எல்லாம் உப்பு மிளகாய் இல்லாமல் வேகவைத்துச் சேருங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை நாய்க்கு விஷம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கவே கூடாது.

படி 5: ஊசி

பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு கொடிய வைரஸ் நோய்க்குமான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதம் ஆனதும். வயிற்றுப் புழுவுக்கான பூச்சி மருந்துக்கும் தேதி குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கி விடாதீர்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள், மூன்றரை மாதம் வரைக்கும்தான் எதையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடை பிடித்தவர், கோயில் மேளம் எல்லாம் காட்டுங்கள். மாநகராட்சியில் உரிமம் எடுக்கவும் வெறிநோய் ஊசிச் சான்று கேட்பார்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

சில வாரம் கழித்து

நாலு மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும், ஆறேழு மாதம் வரை கண்டதையெல்லாம் கடிக்கும். "அவன் இப்படியா இருந்தான்?" என்று வீட்டில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பது அப்போதுதான். நினைவில் நிற்பது பத்து வயதில் பக்குவப்பட்ட நாய், கண்முன்னால் இருப்பது பல் ஊறுகிற குட்டி. அவனும் இந்த வயதில் சோபாவைக் கிழித்திருப்பான், பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கோணித்துணியை முடிச்சுப் போட்டு நனைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள். செருப்புகளை மட்டும் மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.