பழைய அம்பாசடருக்கு இன்ஜெக்‌ஷன்: டேங்க்கும் பம்ப்பும்

பழைய அம்பாசடர் காரில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறைக்கு மாற்றும்போது டேங்க்கையும் பம்ப்பையும் கவனிக்க வேண்டும். கார்புரேட்டருக்குச் சுமார் 0.3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தமே போதும். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும் என்பதால், பழைய மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றிவிட்டு மின்சாரப் பம்ப் பொருத்த வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டியானால், முதலில் பெட்ரோலை வடித்து டேங்க்கை இறக்கிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் புது டேங்க்தான் நல்லது. அந்தத் தூள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அடைத்துவிடும். காலி டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், ஆகவே அதை முற்றிலும் நீக்காமல் வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து. பேச்சிப்பாறைக்கு ஏறும் வளைவுகளில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்காதிருக்க, டேங்க்குக்குள் தடுப்புத் தகடும் பம்ப்பைச் சுற்றிச் சிறு கிண்ணமும் அமையுங்கள். மிஞ்சும் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பத் தனிக் குழாய் போட்டு, உயரழுத்த ஹோஸையே பயன்படுத்துங்கள். பம்ப்புக்கான மின்சாரம் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்), ஃபியூஸ் வழியாகவே செல்ல வேண்டும்.