முதல் வாரத் தாய்ப்பால்: வலியில்லாமல் கவ்வ வைப்பது எப்படி

பிரசவம் முடிந்து இருவரும் நலமாக இருந்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை ஆடையின்றித் தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்தி, முதுகைப் போர்த்திவிடுங்கள். முகம் ஒருபக்கம் திரும்பி, மூக்கு மூடாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை நல்ல விழிப்போடு இருக்கும், தானே காம்பைத் தேடும். அதன்பின் பல மணி நேரம் தூங்கிவிடுவது வழக்கம். சிசேரியன் ஆனவர்கள் குழந்தையின் உடலை அக்குள் பக்கமாக வைத்து, கால்கள் தாயின் முதுகுப் பக்கம் நீளும்படி பிடித்தால் தையலில் படாது.

முதலில் சுரப்பது சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலே அதிகம். அதைப் பார்த்துப் ‘பால் இல்லை’ என்று புட்டியை எடுப்பவர்கள்தான் பலர். அன்றைக்குக் குழந்தைக்கு வேண்டியதும் அவ்வளவே. பால் நிறைய இறங்க 2 முதல் 5 நாள் ஆகும். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு சுரக்கும். காரணமில்லாமல் புட்டிப்பால் கொடுக்கக் கொடுக்கச் சுரப்பு குறையும்.

இனி கவ்வும் முறை. காம்புப் புண், பால் கட்டுதல், எடை ஏறாமை என்று வருபவற்றில் பெரும்பாலானவை இங்கே தொடங்குகின்றன. நிமிர்ந்தோ சற்றுச் சாய்ந்தோ முதுகுக்கு அணை கொடுத்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டட்டும்; காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு யாராலும் எளிதாக விழுங்க முடியாது. காம்பு வாய்க்கு நேராக அல்ல, மூக்குக்கு நேராக இருக்க வேண்டும். காம்பால் மேலுதட்டை மெல்லத் தடவுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை பொறுங்கள். திறந்ததும் முதுகைத் தாங்கிய கையால் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், முகவாய் முதலில் பட வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் குனிந்தால் பிடிப்பும் நழுவும், முதுகும் வலிக்கும். தலையின் பின்புறத்தை அழுத்தாதீர்கள். அழுத்தினால் குழந்தை திமிறிப் பின்னால் வளையும்.

சரியாகக் கவ்வியிருந்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் உப்பலாக இருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரியும். ‘டக் டக்’ என்ற ஓசை, கன்னத்தில் குழி, பால் குடித்தபின் காம்பு ஒருபக்கம் நசுங்கிச் சாய்வாக இருப்பது, இவை நுனியை மட்டும் சப்புவதன் அடையாளங்கள். முதல் சில நொடி சுருக்கென்று இழுப்பது உண்டு. வலி நீடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்: சுத்தமான சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்துப் பிடிப்பை விடுவித்து, மறுபடி கவ்வ வையுங்கள். நேராக இழுத்தால் காம்பு புண்ணாகும்.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். கடிகாரம் வேண்டாம், கையை வாய்க்குக் கொண்டுபோவதும், தலையைத் திருப்பித் தேடுவதும்தான் அழைப்பு. அழுகை கடைசிக் குறி, அழும் குழந்தை நன்றாகக் கவ்வாது. தூங்குமூஞ்சிக் குழந்தையை முதல் வாரத்தில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்புங்கள். ஒரு பக்கம் தானாக விட்டபின் மறுபக்கம்.

போதிய பால் கிடைக்கிறதா என்பதை மார்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, ஈரத்துணி சொல்லும். முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2 என்று ஏறி, 5-ஆம் நாளுக்குப்பின் தினம் குறைந்தது 6 முறை சிறுநீர் போக வேண்டும். தார் போன்ற கறுப்பு மலம் பச்சையாகி, 5-ஆம் நாளளவில் மஞ்சளாக வேண்டும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது இயல்பு. 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, 2 வாரத்தில் பழைய எடைக்கு வராவிட்டாலோ பால் குடிப்பதை மருத்துவர் பார்க்க வேண்டும்.

பால் இறங்கும் நாளில் மார்பு கல்லாகி, காம்பு தட்டையாகிவிடுவது உண்டு. அப்போது காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். கருவட்டம் இளகிவிடும், பிறகு கவ்வ வைக்கலாம். குடித்தபின் ஈரத்துணியால் குளிர் ஒத்தடம் இதமாக இருக்கும். கடுமையாகப் பிசைய வேண்டாம், வீக்கம் கூடும்.

மார்பில் சிவப்பும் வலியும், கூடவே காய்ச்சலும் தாய்க்கு வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தை எழுப்பியும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், முதல் 24 மணி நேரத்திலேயே உடல் மஞ்சளானால் அல்லது பிற்பாடு மஞ்சள் கால்வரை பரவினால், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.