டிக்கெட் கையில் இருக்கிறது, விமானக் கம்பெனி கடனில் இருக்கிறது: என்ன செய்வது?

கீழக்கரையில் டிக்கெட் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. துபாய், ஷார்ஜா, தோஹா, கோலாலம்பூர் என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போகிற இடத்துக்கெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திருச்சி வழி, மதுரை வழி, மதுரையிலிருந்து கொழும்பு போய் அங்கே மாறுகிற வழி என எல்லாமே உண்டு. ஒரு விமானக் கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது, விற்கப் போகிறார்கள் என்று டிவியில் வந்துவிட்டால் அன்று மாலையே கடையில் கூட்டம் கூடிவிடும். "காக்கா, எம்மவன் டிக்கெட் என்னாவும்?" என்று உம்மாமார்கள் கேட்பார்கள் (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்). அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பதறி ரத்து செய்யாதீர்கள். நீங்களாக ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் மீதி வரும். கம்பெனி ரத்து செய்தால் வேறு விமானம் தர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணத்தையும் தர வேண்டும்.

அப்புறம், நஷ்டம் வேறு, கையில் காசு தீர்வது வேறு. பாம்பனிலோ மண்டபத்திலோ விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும், வட்டி நிற்காது. கடன் தலைக்கு மேல் இருந்தாலும் டீசலுக்குக் காசு புரளும்வரை தடை முடிந்ததும் படகு கடலுக்குப் போகும். டீசலுக்குக் கடன் கிடையாது என்று பங்கில் சொல்கிற அன்றைக்குத்தான் நின்றுபோகும். விமானமும் அப்படித்தான். நம் நாட்டில் செலவில் பெரிய பங்கு எரிபொருளுக்கே போகிறது. விமானங்களில் பல வாடகைக்கு எடுத்தவை, அந்த வாடகையை டாலரில் கட்ட வேண்டும். ரூபாய் சரிந்தால் டிக்கெட் விலை ஏறாமலே செலவு ஏறிவிடும்.

ஆகவே செய்தி வந்ததும் நான் பார்ப்பது, டீசலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை. ஏர் இந்தியா இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம் அரசு கொடுத்துக்கொண்டே இருந்ததுதான். 2005, 2006 வாக்கில் 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸை அதோடு இணைத்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் சம்பள முறை வேறு, பதவி உயர்வு வேறு. அந்தக் கடனும் இந்தப் பிணக்கும் சேர்ந்து அதை அழுத்தின. 2012-ல் ஏறக்குறைய 30,000 கோடி ரூபாயைப் பல வருடங்களில் தருவதாகத் திட்டம் போட்டார்கள். 2018-ல் 76 சதவீதப் பங்கை விற்க முயன்றபோது ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை. கடைசிக் காலத்தில் தினம் 20 கோடி நஷ்டம் என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். அவ்வளவும் நம் வரிப்பணம். வெளிநாட்டில் வெயிலில் நின்று இந்தப் பிள்ளைகள் அனுப்பும் காசில் வீட்டுக்கு வாங்குகிற சோப்புக்கும் சீனிக்கும் கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் விமானம் பறந்தது, நான் போட்ட டிக்கெட்டும் செல்லுபடியானது.

தனியார் கம்பெனிக்கு இப்படி முட்டுக் கொடுக்க ஆள் கிடையாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2-ஆம் தேதி திவால் மனு போட்டது, மறுநாளே பறக்கவில்லை. அரசுக் கம்பெனி என்றால் யோசிக்கக் கொஞ்சம் நாள் கிடைக்கும். தனியார் என்றால் கிடைக்காது.

நிற்கப்போகிற கம்பெனி அதற்கு முன்பே அடையாளம் காட்டிவிடும். விமானிகளுக்குச் சம்பளம் தாமதம் என்று செய்தி வரும். வாடகைக்குக் கொடுத்தவர்கள் விமானத்தைத் திரும்பக் கேட்டு விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடம் மனு போடுவார்கள். ஒரே தடத்தில் அடுத்தடுத்து ரத்தாகும். எங்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பல கம்பெனிகளுக்கு ஏஜென்ட்டுகளின் பணம் பிஎஸ்பி என்கிற பொதுக் கணக்கு வழியாகப் போகும். அதிலிருந்து ஒரு கம்பெனியை நிறுத்தி வைத்தால் எங்கள் திரையில் அதன் டிக்கெட்டை விற்க முடியாது. ஆகவே உங்கள் ஏஜென்ட்டிடம், "அந்தக் கம்பெனி டிக்கெட் இப்பவும் பிஎஸ்பியில் விழுதா?" என்று கேளுங்கள். முன்பு விழுந்தது, இப்போது இல்லை என்றால் வாங்காதீர்கள்.

இந்த அடையாளங்களில் இரண்டைப் பார்த்தும் நான் ஒரு முறை வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். பெரியபட்டினத்துக்காரர் ஒருவர், மகள் நிக்காஹுக்காகக் குடும்பத்தோடு ஊருக்கு வர நான்கு டிக்கெட் கேட்டார். ஒரு தனியார் கம்பெனியில் விலை குறைவாக இருந்தது, போட்டுக் கொடுத்தேன். பயணத்துக்கு மூன்று நாள் முன்பு அது பறப்பதை நிறுத்தியது. கடைசி நேர விலைக்கு வேறு டிக்கெட் எடுத்துத்தான் வந்தார்கள். முதல் பணம் திரும்ப வரவே இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து சந்தேகமான கம்பெனி என்றால் விலையைச் சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன்.

சரி, விற்பனை, மறுசீரமைப்பு என்று செய்தி வந்தால் என்ன பார்ப்பது? ஒரே கேள்விதான்: கம்பெனி அதேதானா, புதிதா? படகு அதேதான், சம்மாட்டி மட்டும் மாறுகிறார் என்றால் ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், கணக்கு எல்லாம் படகோடு தொடரும். பழைய படகைக் கரையேற்றிவிட்டுப் புதுப்படகு இறக்கினால் பழைய கணக்குக்கு அவர் பொறுப்பில்லை.

ஏர் இந்தியா முதல் வகை. 2021 ஆகஸ்ட் முடிவில் அதன் கடன் 61,562 கோடி. டாடா 18,000 கோடிக்கு எடுத்தது, அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது, 2,700 கோடி ரொக்கம். மீதி 46,262 கோடியையும் நிலம், கட்டடங்களையும் தனியாக ஓர் அரசுக் கம்பெனிக்கு மாற்றினார்கள். 2022 ஜனவரி 27-ல் கை மாறியபோதும் கம்பெனி அதேதான், ஆகவே டிக்கெட்டுகள் செல்லுபடியாயின. இத்தாலியின் அலிடாலியா இரண்டாவது வகை. 2021 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அது முடிந்தது, மறுநாள் ஐடிஏ என்கிற புதுக் கம்பெனி பறந்தது. அலிடாலியாவின் பழைய டிக்கெட்டோடு அதில் ஏற முடியாது, பணம்தான் திரும்பக் கேட்க வேண்டும். செய்தியில் "புதிய நிறுவனம்" என்ற சொல் வந்தால் உடனே கவனியுங்கள்.

நம் கரைக்குப் பக்கத்தில் ஸ்ரீலங்கன் இருக்கிறது. 1998-ல் எமிரேட்ஸ் பங்கு வாங்கிப் பத்து வருடம் நிர்வாகம் செய்தது, 2008-ல் அது முடிந்தது. அந்த நாட்டு அரசின் உத்தரவாதத்தில் வாங்கிய 17.5 கோடி டாலர் பத்திரக் கடனைக் குறித்தபடி கட்ட முடியவில்லை. விற்க முயன்றார்கள், 2024-ல் வந்த புதிய அரசு விற்கப் போவதில்லை என்றது. இதில் போகிறவர்களுக்கு நான் சொல்வது: மதுரை–கொழும்பு, கொழும்பு–வளைகுடா இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு கிடையாது. டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்று 603 என்றால் ஸ்ரீலங்கன் கொடுத்தது, 098 என்றால் ஏர் இந்தியா. பணம் கேட்க யாரிடம் போக வேண்டும் என்பது அந்த மூன்று எண்ணில் இருக்கிறது.

இணைப்பு நடந்தால் விமான எண் மாறும். 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோது யுகே 955 என்று இருந்தது ஏஐ 2955 ஆனது. எண்ணோடு நேரமும் மாறலாம், டெர்மினலும் மாறலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், முந்தின நாளும் கம்பெனியின் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டுப் பாருங்கள். டிக்கெட் எடுக்கும்போது ஏஜென்ட்டின் போன் எண்ணைக் கொடுக்காமல் பயணிக்கிறவரின் எண்ணையே கொடுங்கள். மாற்றம் குறித்த செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். நேர மாற்றத்துக்கு "சம்மதம்" என்று அழுத்துவதற்கு முன்பு யோசியுங்கள். அழுத்திய பிறகு பணம் கேட்பது கஷ்டம்.

சந்தேகமான கம்பெனி, ஆனால் போயே ஆக வேண்டும் என்றால் என்னிடம் ரொக்கம் தராதீர்கள். உங்கள் கிரெடிட் கார்டில் கம்பெனியின் தளத்திலேயே எடுங்கள். எனக்குக் கமிஷன் போகும், பரவாயில்லை. பயணம் கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைக் கேட்க ஒரு வழி இருக்கும். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. ரொக்கத்துக்கு அந்த வழி கிடையாது.

கடைசியில் திவாலே ஆகிவிட்டால், தீர்ப்பாயம் நியமித்த அதிகாரி நாளிதழில் அறிவிப்புக் கொடுப்பார். பணம் வர வேண்டியவர்கள் படிவம் கொடுக்க ஏறக்குறைய 14 நாள்தான் கெடு. வங்கிகளுக்கும் ஊழியர்களுக்கும் பின்னால்தான் பயணி நிற்கிறார். முழுப் பணமும் வரும் என்று நம்பி வேறு கடன் வாங்காதீர்கள். ஆனாலும் படிவம் கொடுங்கள். அதற்கு இ-டிக்கெட், பணம் கட்டிய ரசீது, ரத்தான செய்தி மூன்றும் வேண்டும். போன் தொலைந்தால் மூன்றும் போய்விடும், ஆகவே எடுத்த அன்றே பிரிண்ட் போட்டுப் பாஸ்போர்ட் நகலோடு ஊரில் உம்மாவிடம் ஒரு செட் கொடுத்துவிட்டுப் போங்கள்.